எட்டு மடங்கு மருந்து, இரண்டு மடங்கு தூரம்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி எக்லின் விமானப்படைத் தளம் இருக்கிறது. தளம் என்றால் ஒரு ஓடுபாதையும் நாலு கொட்டகையும் அல்ல. ஏறத்தாழ 1,870 சதுர கிலோமீட்டர் நிலம். சென்னை மாநகராட்சி எல்லையைப் போல நான்கு மடங்குக்கு மேல். பெரும்பகுதி பைன் காடு. அமெரிக்க விமானப்படை தன் குண்டுகளையும் ஏவுகணைகளையும் பல பத்தாண்டுகளாகப் போட்டுப் பார்த்து வரும் இடம் இதுதான். அந்தத் தளத்தின் வாசலருகே விமானப்படை ஆயுத அருங்காட்சியகம் இருக்கிறது. இப்போதைய கட்டடம் 1985இல் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

பெரிய விமானங்கள் எல்லாம் வெளியே வெயிலில்தான் நிற்கின்றன. பி-17, பி-25, பி-52 என்று குண்டுவீச்சு விமானங்கள் ஒருபுறம். எஃப்-15, எஃப்-16, எஃப்-111, ஏ-10 ஒருபுறம். வருகிறவர்கள் கூட்டமாகப் போய் நிற்பது கன்னங்கரேலென்ற எஸ்ஆர்-71 முன்னால். ஒலியைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேகத்தில் பறந்த உளவு விமானம் அது. ஆயுத அருங்காட்சியகத்தில் அதிகம் படம் எடுக்கப்படும் விமானம் ஒரு தோட்டாகூட ஏந்தாதது என்பது ஒரு வேடிக்கை. இங்கே இருப்பதற்கு மட்டும் வால் கொஞ்சம் நீளம். பின்பக்கக் கருவிகளை வைப்பதற்காக 1970களில் நீட்டிப் பார்த்தார்கள். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், விமானங்கள் படம் எடுத்துக்கொள்ளத்தான். அறிவியல் இருப்பது அவற்றின் இறக்கைக்குக் கீழே, தாங்கிகளின் மேல் வரிசையாகக் கிடத்தியிருக்கும் உலோக உருளைகளில். கால வரிசைப்படி அவற்றைப் பார்த்துக்கொண்டு போனால் ஒரே ஒரு கணக்கை எண்பது ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டே இருந்தது தெரியும். கணக்கு ரொம்பச் சின்னது.

அதைப் புரிந்துகொள்ள வெளியே இருக்கும் மோஆப் குண்டில் தொடங்கலாம். 'எல்லாக் குண்டுகளுக்கும் தாய்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தது இதற்குத்தான். 9 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் விட்டம், ஏறத்தாழ 9,800 கிலோ எடை. அதில் வெடிமருந்து மட்டும் சுமார் 8,500 கிலோ. அளவு இவ்வளவு பெரியது என்பதால் சரக்கு விமானத்தின் பின்கதவைத் திறந்து, பாராசூட்டால் இழுத்து வெளியே தள்ளுகிறார்கள். முதல் வெள்ளோட்டம் 2003 மார்ச் 11 அன்று இதே எக்லினில் நடந்தது. ஈராக் மீது படையெடுப்பு தொடங்க அப்போது சில நாட்களே இருந்தன. அந்தப் போரில் அதைப் பயன்படுத்தவில்லை. 2017 ஏப்ரல் 13 அன்று ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹார் மாகாணத்தில்தான் முதன்முதலாகப் போரில் போட்டார்கள்.

விமானப்படையின் அன்றாடக் குண்டு மார்க் 82. மொத்தம் 227 கிலோ, அதில் மருந்து 87 கிலோ. மிச்சமெல்லாம் எஃகு. மோஆபில் இருப்பது இதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு மருந்து. நூறு மடங்கு தூரத்துக்கு அழிவு போகுமா? போகாது. ஐந்து மடங்குகூடப் போகாது.

காரணம் வெளியின் வடிவம். வெடித்த குண்டின் ஆற்றல் ஒரு பக்கமாகப் போவதில்லை. நாலாபுறமும், மேலும் கீழும், கோளமாக விரிகிறது. ஒரு தண்ணீர்த் தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் அதை நிரப்ப எட்டு மடங்கு தண்ணீர் வேண்டும். வெடியின் கதையும் அதேதான். அதே காற்றழுத்தம் இரண்டு மடங்கு தூரத்துக்கு எட்ட வேண்டுமானால் எட்டு மடங்கு மருந்து வேண்டும். 1915இல் பிரிட்டனின் பெர்ட்ரம் ஹாப்கின்சனும், பின்னர் ஜெர்மனியின் கார்ல் கிரான்ஸும் தனித்தனியாக வந்து சேர்ந்த கனமூல விதி இது. எஃகுச் சிதறல்களுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், கட்டடத்தையும் பாலத்தையும் தள்ளிவிடும் அழுத்த அலைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இந்த விதியைத் தலைகீழாகப் படித்தால்தான் சுவாரசியம். குறியிலிருந்து 100 மீட்டர் தள்ளி விழும் குண்டை 50 மீட்டருக்குள் விழச் செய்துவிட்டால் எட்டு மடங்கு மருந்தை மிச்சப்படுத்தியதாக அர்த்தம். 10 மீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் ஆயிரம் மடங்கு. அதாவது குண்டைப் பெரிதாக்குவது நஷ்ட வியாபாரம். குறியைக் கூர்மையாக்குவதில்தான் லாபம் முழுவதும் இருக்கிறது.

சொல்வது சுலபம். 6 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் குண்டு தரையைத் தொட, காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 35 விநாடி ஆகும். விமானத்தின் வேகமும் குண்டோடு சேர்ந்தே வருகிறது. விநாடிக்கு 80 மீட்டர் போகும் விமானமானால் குண்டு 2.8 கிலோமீட்டர் முன்னால் போய் விழும். எனவே இலக்கு கண்ணுக்கு நேர் கீழே வரும்போது விட்டால் காரியம் கெட்டது. வெகு முன்பே விட வேண்டும். தரையைப் பொறுத்த வேகத்தை விநாடிக்கு வெறும் 3 மீட்டர் தப்பாகக் கணித்தால் 100 மீட்டர் பிசகும். அரை விநாடி தாமதித்தால் இன்னொரு 40 மீட்டர். கூடவே, வழியெல்லாம் உயரத்துக்கு உயரம் மாறி அடிக்கும் காற்று. கீழேயிருந்து சுடுகிறார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்தக் கணக்கையெல்லாம் பல்சக்கரங்களாலும் சுழலிகளாலும் போட்ட இயந்திரம் நார்டன் குறிகாட்டி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ராணுவ ரகசியமாகப் பொத்திப் பொத்திக் காத்தது. ஊறுகாய்ப் பீப்பாய்க்குள் குண்டு போடும் என்று பெருமை பேசினார்கள். போர் முடிந்து அமெரிக்க அரசே எடுத்த கணக்கெடுப்பில், துல்லியமாகக் குறிவைத்துப் போடப்பட்டவற்றில் 20 சதவீதம்தான் குறியைச் சுற்றி 300 மீட்டருக்குள் விழுந்ததாகத் தெரிந்தது. 300 மீட்டர்! ஒரு தொழிற்சாலையை அழிக்க நூற்றுக்கணக்கில் விமானங்கள் போனதற்கும், சுற்றியிருந்த ஊர் எரிந்ததற்கும் அந்த எண்ணில் விடை இருக்கிறது.

நார்டனைக் கழற்றி வைத்துவிட்டுப் போன ஒரு படையணியும் இங்கிருந்துதான் கிளம்பியது. 1942 மார்ச்சில் ஜேம்ஸ் டூலிட்டில் தன் ஆட்களோடு எக்லினில் பி-25 விமானங்களை மிகக் குறுகிய ஓட்டத்தில் எழுப்பப் பழகினார். ஏப்ரல் 18 அன்று ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 16 விமானங்கள் ஜப்பானை நோக்கிப் பறந்தன. தாழப் பறந்து போடப்போகிற குண்டுக்கு நார்டன் உதவாது. எதிரியிடம் சிக்கினால் ரகசியமும் போய்விடும். எனவே ராஸ் கிரீனிங் என்ற கேப்டன், எக்லின் பட்டறையில் கிடந்த அலுமினியத் துண்டுகளை வெட்டி ஒரு குறிகாட்டி செய்தார். கோணம் குறித்த ஒரு தகடு, அதன்மேல் திரும்பும் ஒரு சட்டம், அவ்வளவுதான். அடக்கவிலை 20 சென்ட். பெயர் 'மார்க் ட்வெய்ன்'. தாழ்வாகப் பறந்தால் விழும் நேரம் சில விநாடிகள்தான். பிழை வளர நேரமில்லை. அந்த உயரத்துக்கு அந்தத் தகடே போதுமானதாக இருந்தது.

விட்ட பிறகும் குண்டைத் திருப்ப முடிந்தால்? அந்த யோசனையும் அதே போரில் வந்துவிட்டது. ஜெர்மானியர் 1943 செப்டம்பர் 9 அன்று வானொலியால் இயக்கிய ஃபிரிட்ஸ்-எக்ஸ் குண்டைப் போட்டு 'ரோமா' என்ற இத்தாலியப் போர்க்கப்பலை மூழ்கடித்தார்கள். அமெரிக்கா 'ஏசான்' என்ற குண்டைச் செய்தது. சாதாரண 450 கிலோ குண்டின் வாலில் ஒரு வானொலிப் பெட்டி, திரும்பும் சிறகுகள், கண்ணுக்குத் தெரிய ஒரு ஒளிப்பந்தம். மேலே இருப்பவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வலமோ இடமோ திருப்பலாம். முன்பின் திருப்ப முடியாது. பாதிக் கட்டுப்பாடுதான், ஆனால் நீளமும் ஒடுக்கமுமான இலக்குக்கு அந்தப் பாதியே போதும். வங்காளத்திலிருந்து கிளம்பிய விமானங்கள் 1944 டிசம்பர் முதல் பர்மாவின் ரயில் பாலங்களை இதை வைத்துத்தான் ஒவ்வொன்றாக வீழ்த்தின.

போர் முடிந்ததும் பாலங்களைப் பற்றிய கவலை போய்விட்டது. அணுகுண்டு வந்துவிட்டதால் குறி தப்பினால்தான் என்ன என்ற மனநிலை. இங்கிருக்கும் ஹவுண்ட் டாக், மேஸ் போன்ற ஏவுகணைகள் அந்தக் காலத்துப் பிள்ளைகள். அவை சுமக்க இருந்த அணுகுண்டுக்குச் சில நூறு மீட்டர்கள் ஒரு பொருட்டில்லை. குறியின் கூர்மையைப் பற்றிய ஆராய்ச்சி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தூங்கியது. அதை எழுப்பியது வியட்நாம்.

கட்டடத்துக்குள்ளே எஃப்-105 ஒன்று நிற்கிறது. வடக்கு வியட்நாம் மீது முதல் சில ஆண்டுகள் பெரும்பாரம் சுமந்த விமானம் இது. தயாரான 833இல் கிட்டத்தட்ட பாதி அந்தப் போரிலேயே போய்விட்டது. 1965 ஏப்ரல் 3 அன்று இந்த விமானங்கள் தான்ஹோவா ஊரருகே உள்ள பாலத்தைத் தாக்கப் போயின. உள்ளூர்க்காரர்கள் அதை ஹாம் ரோங், டிராகனின் தாடை என்பார்கள். 165 மீட்டர் நீளம், இரும்பும் கான்கிரீட்டுமான கட்டுமானம். பாலத்தின் மேல் பட்ட ஏவுகணைகள் கரி பூசியதோடு சரி. மறுநாளும் போனார்கள். அதற்கடுத்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான முறை போனார்கள். பாலத்தில் பள்ளம் விழும், சில நாளில் சரிசெய்துவிடுவார்கள். அக்கம்பக்கம் நிலா மாதிரி ஆகிவிட்டது, பாலம் நின்றது.

1972 மே 13 அன்று 14 ஃபேன்டம் விமானங்கள் லேசர் குண்டுகளோடு போயின. பாலத்தின் மேற்குப் பகுதி தன் தாங்கியிலிருந்து பெயர்ந்து ஆற்றில் சாய்ந்தது. ஒரு விமானமும் திரும்பி வராமல் போகவில்லை.

அந்தக் குண்டுகளின் வழிகாட்டிக் கருவி, பேவ்வே என்ற வரிசை, உள்ளே இருக்கிறது. கிட்டப் போய் மூக்கைப் பார்க்க வேண்டும். குண்டின் நுனியில் விரல் தடிமனுக்கு ஒரு மூட்டு; அதன் மேல் தனியாக அசையும் ஒரு சின்னத் தலை; தலையின் பின்புறத்தைச் சுற்றி ஒரு உலோக வளையம். அலங்காரம் போலத் தோன்றும் அந்த வளையம்தான் மொத்த யுக்தியும். காற்று அதைத் தள்ளுவதால், குண்டு எப்படி முறுக்கிக்கொண்டு விழுந்தாலும், தலை மட்டும் குண்டு உண்மையில் போய்க்கொண்டிருக்கும் திசையையே பார்க்கும். தலைக்குள் நாலு துண்டாகப் பிரித்த ஒளியுணரி. விமானத்திலிருந்து ஒருவர் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு லேசரை இலக்கின்மேல் பிடித்துக்கொண்டிருப்பார். அங்கிருந்து சிதறிவரும் ஒளி நாலு துண்டிலும் சமமாக விழுந்தால் போகும் பாதை சரி. மேல் துண்டில் அதிகம் விழுந்தால் இலக்கு மேலே இருக்கிறது. மூக்குக்குப் பின்னாலுள்ள சிறு சிறகுகள் அந்தப் பக்கம் திரும்பும்.

திரும்பும் விதமும் முரட்டுத்தனம்தான். கொஞ்சம், நடுத்தரம், அதிகம் என்றெல்லாம் கிடையாது. முழுசாகத் திரும்பும், அல்லது சும்மா இருக்கும். குண்டு வளைந்து நெளிந்து கீழே வரும். பொறியியல் அழகியல் பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் விலையுயர்ந்த சுழலிகளையும் கணிப்பொறியையும் இந்த வளையமும் முரட்டுச் சிறகும் தேவையற்றதாக்கிவிட்டன. 1960களின் நடுவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் இதைச் செய்தது; எக்லினில் சோதித்த பிறகு 1968இல் வியட்நாமுக்குப் போனது. குண்டு பழைய குண்டுதான். மூக்கும் வாலும் மட்டும் புதுசு. இந்தக் கூடம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பொருள் இதுவே.

குறியை விடாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு வழி வெளியே நிற்கிறது. ஏசி-130ஏ, பெயர் 'ஃபர்ஸ்ட் லேடி'. உலகெங்கும் பறக்கும் சி-130 ரக விமானங்களில் உற்பத்தி வரிசையில் வந்த முதல் விமானமே இதுதான். 1955இல் பறக்கத் தொடங்கிய சில நாளிலேயே தரையிறங்கும்போது இறக்கை தீப்பிடித்து, பழுது பார்த்து, பிற்காலத்தில் பீரங்கி விமானமாக மாறி, 1995 வரை உழைத்தது. பீரங்கிகள் எல்லாம் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இலக்கைச் சுற்றி இடப்பக்கம் சாய்ந்தபடி வட்டமடித்தால், விமானம் எங்கே இருந்தாலும் குழல் இலக்கையே பார்த்திருக்கும்.

இதற்குப் பின்னால் ஓர் அழகான கணக்கு உண்டு. வட்டமடிக்கும் விமானத்தின் சாய்வு அதன் வேகத்தையும் வட்டத்தின் ஆரத்தையும் பொறுத்தது. இறக்கையின் நுனி தரையில் ஒரே புள்ளியைக் காட்ட வேண்டுமானால் சாய்வு, உயரத்தையும் ஆரத்தையும் பொறுத்தது. இரண்டையும் சமன் செய்தால் ஆரம் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது: உயரம் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தது. வட்டம் சின்னதோ பெரிதோ, விநாடிக்கு 75 மீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 570 மீட்டர் உயரம்தான். அந்த உயரத்தில் தரையிலிருந்து சுட்டு வீழ்த்துவார்கள் என்பதால் குழல்களைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தி, இன்னும் மேலே பறக்கிறார்கள்.

பீரங்கிப் பேச்சு வந்ததால் ஏ-10 விமானத்தையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம். முன்னால் நின்று பார்த்தால் முன்சக்கரம் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருப்பது தெரியும். நடு இடத்தை ஜிஏயு-8 என்ற ஏழு குழல் பீரங்கி எடுத்துக்கொண்டது. நிமிடத்துக்கு 3,900 குண்டு என்ற வேகம். ஒவ்வொன்றும் 30 மில்லிமீட்டர். சுடும்போது பின்னுதைப்பு 45 கிலோநியூட்டன் அளவுக்குப் போகும். விமானத்தின் ஒரு என்ஜின் தள்ளும் விசையே 40தான். இந்த உதை நடுக்கோட்டிலிருந்து விலகினால் மூக்கு திரும்பிவிடும். அதனால் சுடும் நிலையிலுள்ள குழல் சரியாக நடுக்கோட்டில் வரும்படி பீரங்கியையே சற்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சக்கரத்துக்கு மிச்சமிருந்த இடம் வலப்பக்கம்தான்.

விமானத்தை விமானம் அடிக்கும் ஏவுகணைகளிலும் இதே தூரப் பிரச்சினைதான். ஃபால்கன் ஏவுகணையின் வெடிமுனை சில கிலோ எடைதான். மேலே பட்டால்தான் வெடிக்கும், பக்கத்தில் போனால் வெடிக்காது. வியட்நாமில் ராபின் ஓல்ட்ஸ் என்ற படைத்தலைவர் வெறுத்துப்போய் அவற்றைக் கழற்றச் சொல்லி சைட்வைண்டரை மாட்டினார். சைட்வைண்டர் அருகே போனாலே வெடிக்கும். அதன் பின்சிறகு ஒவ்வொன்றின் மூலையிலும் ஓரம் பற்களாக வெட்டிய ஒரு சின்ன உலோகச் சக்கரம் இருக்கும். பறக்கும்போது காற்றே அதை அதிவேகமாகச் சுழற்றும். ஏவுகணை உருளத் தொடங்கினால், சுழலும் சக்கரம் தன் இயல்புப்படி செங்குத்துத் திசையில் சாயும்; சாயும்போது தான் பொருத்தப்பட்டிருக்கும் மடலையும் இழுத்துக்கொண்டு போகும்; மடல் உருளலை எதிர்க்கும். மின்சாரமில்லை, கம்பியில்லை. கலிபோர்னியாவின் சைனா லேக்கில் வில்லியம் மெக்லீன் குழுவினர் செய்த வேலை. 1958இல் தைவான் விமானம் சுட்ட ஒன்று வெடிக்காமல் சீனத்து மிக் விமானத்தில் செருகிக்கொண்டு ஊர்போய்ச் சேர, சோவியத் யூனியன் அதைப் பார்த்து அப்படியே ஒன்று செய்துகொண்டது.

ஜிபியு-28 என்ற துளைக்கும் குண்டின் கதை வேறு மாதிரி. 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஈராக்கின் ஆழமான நிலத்தடி அறைகளை இருக்கும் குண்டுகளால் துளைக்க முடியாது என்று தெரிந்தது. எக்லினில் வேலை பார்த்த ஆல்பர்ட் வைமார்ட்ஸ் என்ற சிவிலியன் பொறியாளர் ஒரு படம் வரைந்தார். நீளமாக, ஒல்லியாக, கனமாக. துளைக்கும் ஆழத்தைத் தீர்மானிப்பது மொத்த எடை அல்ல. மோதும் முகத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் பின்னால் எத்தனை எடை நிற்கிறது என்பதுதான். பருத்த 900 கிலோ குண்டில் அது அரை கிலோவுக்குச் சற்று அதிகம். வைமார்ட்ஸ் வரைந்ததில் ஏறத்தாழ 2 கிலோ.

அப்படிப்பட்ட தடித்த எஃகு உருளையைச் சில வாரத்தில் யார் வார்த்துக் கொடுப்பார்கள்? வார்க்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது என்று யோசனை வந்தது. கழித்துக்கட்டிய 8 அங்குல பீரங்கிக் குழல்கள்! வெடிப்பின் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பத் தாங்குவதற்காகவே செய்த எஃகு. நியூயார்க் மாநிலத்து வாட்டர்வ்லீட் ஆயுதச் சாலையில் அவற்றை அறுத்து, உள்ளே கடைந்து, அனுப்பினார்கள். எக்லினில் அவ்வளவு நீளமான குண்டுக்கு மருந்து நிரப்ப வசதி இல்லை. ஆய்வகத்துக்கு வெளியே மண்ணில் குழி வெட்டி, உருளையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, உருக்கிய டிரைடோனலை வாளி வாளியாகக் கையால் ஊற்றினார்கள். டிஎன்டியோடு ஐந்தில் ஒரு பங்கு அலுமினியத் தூள் கலந்ததுதான் டிரைடோனல். 2,100 கிலோ குண்டில் மருந்து 300 கிலோவுக்குள்தான்.

பிப்ரவரி 24 அன்று நெவாடா பாலைவனத்தில் ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். முப்பது மீட்டருக்குக் கீழே புதைந்துபோனது; தோண்டி எடுக்கவே இல்லை. ஒரு நாள் விட்டு இன்னொன்றை ராக்கெட் வண்டியில் கட்டி கான்கிரீட் சுவரில் மோத விட்டார்கள். 6.7 மீட்டர் கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்து இன்னும் ஓடியது. சோதனை என்று நடந்தது இவ்வளவுதான். அடுத்த நாள் இரண்டு குண்டுகள் சவூதிக்குப் போயின. அன்றிரவே பாக்தாதுக்கு வடக்கே அல் தாஜி தளத்தின் மேல் விழுந்தன. ஒன்று தப்பியது, ஒன்று இறங்கியது. சில மணி நேரத்தில் போர் நின்றது. வாசலில் நிற்கும் மோஆபை வடிவமைத்ததும் இதே வைமார்ட்ஸ்தான். துளைப்பதற்கு ஒன்று, பரப்புவதற்கு ஒன்று.

அந்தப் போரில் தொலைக்காட்சியில் காட்டியதெல்லாம் லேசர் குண்டுகள். உண்மையில் போட்டவற்றில் அவை போன்ற வழிகாட்டப்பட்ட குண்டுகள் 8 சதவீதம் அளவுக்குத்தான். மேகம், புகை, புழுதி குறுக்கே வந்தால் லேசர் குருடாகிவிடும். அதற்கு மாற்றாக எக்லினில் உருவானது ஜேடாம். பழைய குண்டின் வாலைக் கழற்றி, செயற்கைக்கோள் சமிக்ஞையையும் சுழலிகளையும் வைத்துத் தன் இடத்தைத் தானே கணக்கிடும் வாலை மாட்டுவது. விலை 40,000 டாலருக்குள் இருக்க வேண்டும் என்று விமானப்படை கேட்டது. ஆரம்பத் தொகுதிகள் அதில் பாதிக்கும் குறைவாகவே முடிந்தன. எதிர்பார்த்த துல்லியம் 13 மீட்டர். நார்டன் காலத்து 300ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 2003 ஈராக் போரில் குண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஏதோ ஒரு வகையில் வழிகாட்டப்பட்டவை.

ஜேடாமுக்கு இலக்கைப் பார்க்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டும். 1999 மே 7 இரவு பெல்கிரேடில் ஐந்து ஜேடாம்கள் கொடுத்த எண்களுக்குச் சரியாகப் போய் விழுந்தன. அங்கே இருந்தது சீனத் தூதரகம். மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். யுகோஸ்லாவிய ராணுவக் கொள்முதல் அலுவலகம் என்று நினைத்து, பழைய வரைபடத்தை வைத்து இடம் குறித்துவிட்டோம் என்றது அமெரிக்கா. சீனா அதை ஏற்கவில்லை. லேசர் குண்டின் கதையும் சுத்தமில்லை. 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமீரியா பகுதியில் ஒரு நிலத்தடி அறையின் கூரையை இரண்டு குண்டுகள் அச்சுப்பிசகாமல் துளைத்தன. ராணுவத் தலைமையிடம் என்று நினைத்தார்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். எங்கே விழ வேண்டும் என்ற பிழையை எந்த வாலும் திருத்துவதில்லை.

குறி கூர்மையாகக் கூர்மையாக மருந்து குறைவதையும் பார்க்க முடிகிறது. எக்லினில் உருவான இன்னொரு குண்டு ஜிபியு-39. மொத்த எடை 129 கிலோ, மருந்து ஏறத்தாழ 16 கிலோ. மார்க் 82இல் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. விட்டதும் முதுகிலிருந்து இறக்கைகள் விரிந்து, நூறு கிலோமீட்டர் வரை மிதந்து போகும். கனமான ஒரு குண்டின் இடத்தில் இவற்றில் நான்கை மாட்டலாம்.

இந்த வரிசையில் கடைசிப் படி, மருந்தே இல்லாத குண்டு. 1999இல் வடக்கு ஈராக்கில் குடியிருப்புகளுக்கு நடுவே வைத்திருந்த விமான எதிர்ப்புப் பீரங்கிகள் மேல் அமெரிக்கா கான்கிரீட் நிரப்பிய லேசர் குண்டுகளைப் போட்டது. 900 கிலோ கான்கிரீட் விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 28 மெகாஜூல். சுமார் 7 கிலோ டிஎன்டிக்குச் சமம். ஆனால் அது கோளமாக விரிவதில்லை. முழுவதும் பட்ட இடத்திலேயே இறங்குகிறது; பீரங்கி நொறுங்கும், அழுத்த அலை அண்டை வீட்டுக்குப் போகாது. கனமூல விதிக்கு அங்கே வேலையே இல்லை. 2011இல் லிபியாவில் பிரான்ஸும் இதைச் செய்தது. இரண்டு நாடுகளும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. விமானிகள் பழகுவதற்கென்று மருந்தில்லாத பயிற்சிக் குண்டுகள் எல்லாக் கிடங்கிலும் கிடக்கும். அமெரிக்க வழக்கப்படி மஞ்சள் பட்டை என்றால் வெடிமருந்து, நீலம் என்றால் பயிற்சி. லேசர் மூக்கை அந்த நீலக் குண்டில் மாட்டினால் தீர்ந்தது வேலை.